தேசப்பனின் இடது கண்

தேசப்பன் செத்த பிறகும் இடது கண் முழுதாக மூடவில்லை. தம்பி நீலமேகம் இமையை இழுத்துவிட்டுப் பார்த்தார். அது மறுபடியும் மேலே ஏறியது. கையை எடுத்துக்கொண்டார். "பாக்கட்டும் வுடு. உசுரோட இருக்கும்போது மட்டும் மூடினா இருந்தான்?" என்றார்.

அது 1989, ஐப்பசி மாதம். அந்தக் கண்ணுக்குள் பட்டாணியளவு பிளாஸ்டிக் வில்லை ஒன்று இருந்தது. அவரோடு அதுவும் போயிற்று. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் அப்படி ஒரு வில்லை அவர் ஒருவர் கண்ணில்தான் இருந்தது. அதை அடைய அவர் சண்டை போடாத ஆள் பாக்கி இல்லை.

சண்டை அவருக்குப் புதிதும் இல்லை. நல்லதைச் சொன்னாலும் திட்டுகிற மாதிரி சொல்வார். மனைவி காய்ச்சலில் கிடந்தபோது அவருடைய பாடு வந்தது. படவை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அவள் உயிரோடு இல்லை. மனைவியின் அக்கா மணியம்மாள் அன்று அவரிடம் பேச்சை நிறுத்தினாள். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

பாடு என்பது ஏரியில் வலை கட்டும் இடம். அந்த இடத்துக்கான முறைக்கும் அதே பெயர்தான். நல்ல இடங்கள் குறைவு, ஆட்கள் அதிகம். அதனால் குப்பத்தார் சீட்டுக் குலுக்கிப் போட்டு முறை பிரிப்பார்கள். யார் முறையோ அவர்தான் தன் கையால் முதல் கம்பத்தை ஊன்ற வேண்டும். ஏரிக்குள் நிரந்தரமாக நிற்கும் எல்லைக் கம்பத்திலிருந்து இருபது பாகம் தள்ளிப் போய் ஊன்றினால், அதுவரை அவர் இடம். அதற்கு அப்பால் அடுத்தவர் இடம்.

இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். அந்த இருபது பாகத்தைக் கயிறு போட்டு யாரும் அளந்ததில்லை. எல்லாம் கண் அளவுதான். படவில் ஒருவன் கயிறு கொண்டுவந்தால், பக்கத்து இடத்துக்காரனைத் திருடன் என்று சொல்லிவிட்டான் என்று பொருள். அதற்காகப் பெண் கொடுத்து வாங்கியது நின்றுபோன குடும்பங்கள் உண்டு.

தேசப்பனின் கண் அளவு தப்பியதே இல்லை. அதுதான் அவருடைய சொத்து. அவருடைய வாயைப் பொறுத்துக்கொண்டு ஊர் அவரோடு இருந்ததற்கும் அதுவே காரணம்.

1983இல், இடது கண்ணும் மங்கத் தொடங்கிய நேரத்தில், வலது கண் சுத்தமாகத் தெரியாமல் போயிற்று. புரை முற்றியிருந்தது. பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் போய்ப் படுத்தார். மணியம்மாளும் அதே முகாமில் நாலு கட்டில் தள்ளிக் கிடந்தாள். அங்கே கண்ணின் வில்லையையே முழுதாக எடுத்துவிட்டார்கள். காயம் ஆறிய பிறகு சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி ஒரு கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். அதைப் போட்டால் லைட் அவுஸ் தெரிந்தது, படவு தெரிந்தது, மனிதர்கள் தெரிந்தார்கள். தேசப்பன் அன்று யாரையும் திட்டவில்லை என்று சொல்வார்கள்.

கண்ணாடி வந்த பிறகு அவருக்கு முதல் பாடு விழுந்தபோது, பக்கத்து இடம் நீலமேகத்துடையது. தேசப்பன் எல்லைக் கம்பத்திலிருந்து கழி போட்டுத் தள்ளிக்கொண்டே போனார். நின்றார். கம்பத்தைத் தூக்கி ஊன்றினார்.

"ண்ணா, எங்க ஊன்றே?" என்று பக்கத்துப் படவிலிருந்து நீலமேகம் கேட்டார்.

"என் எடத்துல."

"உன் எடம் அங்கயே முடிஞ்சிப்போச்சி. இது என்னுது."

"கண்ணு எனக்குப் போச்சா, உனக்குப் போச்சா?"

"உனக்குத்தான் புதுசா வந்துகீதே. அதான் பாக்கறதெல்லாம் உன்னுதாத் தெரியுது."

சுற்றியிருந்த படவுகளில் சிரித்தார்கள். தேசப்பன் கழியை ஓங்கினார். பிடித்துவிட்டார்கள். வந்து பார்த்த அத்தனை பேரும் நீலமேகம் சொன்னதையே சொன்னார்கள். கம்பம் கால்வாசி தூரம் தாண்டி நின்றது. அன்றைய மீன் முழுவதையும் நீலமேகத்தின் படவில் கொட்டினார்கள். 'கண்ணாடி போட்ட திருடன்' என்ற பெயர் அன்று மாலைக்குள் பழவேற்காடு கடைத்தெருவரை போய்விட்டது.

அவர் மகள் மனோரமா அப்போது மதராஸில் கண் பரிசோதனை டிப்ளமா படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்புக்கும் அவர் சம்மதித்திருக்கவில்லை. 'டாக்டரம்மா' என்று கிண்டலாகத்தான் கூப்பிடுவார். செய்தி கேட்டு வந்தவள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். கையை நீட்டி, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது எல்லாத்தையும் கால்வாசி பெருசாக் காட்டும், நைனா. பெருசாத் தெரிஞ்சா கிட்ட கீதுனு தோணும். எல்லைக் கம்பம் இன்னும் கிட்டதான் கீதுனு நீ தள்ளிக்கினே போய்ட்டே. கால்வாசி."

தேசப்பன் கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பிறகு, "இத்த ஊர் முன்னாடி சொல்லு" என்றார்.

அம்மன் கோயிலுக்கு எதிரே மணலில் ஊர் கூடியது. தலைவர் ரங்கன் நடுவில் உட்கார்ந்தார். மனோரமா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நீலமேகம் எழுந்து கண்ணாடியைப் பிடுங்கித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார்.

"பெருசாத் தெரியும்னு சொன்னே? ஒண்ணுமே தெரியலியே. ஒரே பொகை."

"உங்க கண்ணுக்குள்ள வில்லை கீது, சித்தப்பா. நைனாவுக்கு எடுத்துட்டாங்க. எடுத்தவங்களுக்குத்தான் இது பொருந்தும்."

"நான் பாக்க முடியாத ஒண்ண வெச்சிக்கினு என்னை நம்பச் சொல்றே. நல்லாத்தான் படிச்சிகீறே."

மறுபடியும் சிரிப்பு. மனோரமா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஓரமாகக் கருவாட்டுக் கூடையோடு மணியம்மாள் உட்கார்ந்திருந்தாள், மூக்கில் அதே முகாம் கண்ணாடி.

"பெரிம்மா, இப்டி வா. இந்தச் சொம்புல தண்ணி ஊத்து."

"என்னை இன்னாத்துக்கு இழுக்கறே? என் தங்கச்சியத் தவிக்க வுட்டவனுக்கு நான் சாச்சி சொல்லணுமா?"

"சாச்சி வேணாம். ஊத்து, போதும்."

முனகிக்கொண்டே வந்து குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் சொம்புக்கு ஒரு கையகலம் முன்னாலேயே மணலில் விழுந்தது. திரும்ப ஊற்றினாள். திரும்பவும் மணல்தான். சிரித்தவர்கள் எழுந்து வந்து சொம்பைப் பார்த்தார்கள்.

"வூட்லயும் இதே கதிதான்" என்றாள் மணியம்மாள், எரிச்சலோடு. "எல்லாம் கிட்ட வந்து நிக்குது. கை நீட்டினா அங்க இல்ல. அடுப்புல வெக்கிறது தரையில போவுது." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். தேசப்பன் இருந்த பக்கம் பார்க்காமலே சொன்னாள்: "அவன் கொலைகாரன். திருடன் இல்ல."

அவருக்குப் பரம விரோதி அவள் என்பது ஊருக்கே தெரியும். அதனால் அந்தச் சாட்சிக்கு மேல் பேச்சில்லை. ரங்கன் தொண்டையைச் செருமினார்.

"திருட்டு இல்லனு ஆயிப்போச்சி. அந்தப் பேரு இன்னையோட போச்சி. ஆனா அளவு தப்பற கண்ணுகிட்ட கம்பத்த எப்டிக் குடுக்கறது? நாளைக்கு இன்னொருத்தன் எடத்துல ஊனுவான். கண்ணு நேராவுற வரைக்கும் தேசப்பன் மொறைக்கு நீலமேகம் ஊனட்டும். மீன் பாதிப் பாதி."

தேசப்பன் எழுந்துவிட்டார். "திருடன்னே வெச்சிக்கங்க. கம்பத்த எனக்கே குடுங்க."

எல்லோரும் எழுந்தார்கள். மணலைத் தட்டிக்கொண்டு கலைந்தார்கள். மகள் மேல்தான் அவருக்குக் கோபம் வந்தது. வழியெல்லாம் அவளைத்தான் திட்டினார்.

அதன் பிறகு அவர் முறை வந்தபோதெல்லாம் நீலமேகம் கம்பம் ஊன்றினார். தேசப்பன் படவின் பின்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாதி மீனை எடுத்துக்கொள்ளச் சொன்னால் எடுக்கமாட்டார். நீலமேகம் அதைக் கொண்டுவந்து வாசலில் கொட்டிவிட்டுப் போவார். அது நாறும்வரை அங்கேயே கிடக்கும். இரண்டு பேருக்கும் அதில் ஒரு போட்டி இருந்தது.

1985 முடிவதற்குள் இடது கண்ணும் வெளுத்துவிட்டது. மனோரமா அதற்குள் படிப்பை முடித்து மதராஸில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஊருக்கு வந்து அப்பாவை உட்காரவைத்து விவரம் சொன்னாள். அவளுக்கு நீட்டி முழக்கத் தெரியாது.

"ரெண்டு விதம் கீது. ஒண்ணு, முகாம்ல செஞ்சது. வில்லைய எடுத்துட்டு, வெளிய கண்ணாடி. பழகின வைத்தியம். ஆனா ரெண்டு கண்ணுக்கும் பெருசாத் தெரியும், ஓரம் தெரியாது. கம்பம் உனக்கு வராது. இன்னொண்ணு புதுசு. எடுத்த எடத்துல சின்னதா ஒரு வில்லைய உள்ளயே வெப்பாங்க. அளவு மாறாது. ஆனா எல்லாருக்கும் ஒத்துக்காது. சீழ் வெச்சா கண்ணே போய்டும்."

"லேசர்னு ஒண்ணு கீதாமே."

"யாரு சொன்னது?"

"டீக்கடை மக்பூல் சொன்னான். அவன் மச்சான் துபாய்ல செஞ்சிக்கினானாம். கத்தியே இல்ல, வெளிச்சத்துலயே வேலைய முடிச்சிடறாங்களாம். நீ அத்தச் சொல்லாம மறைக்கிறே."

"கண்ணுக்குள்ள ஏடு கட்டினா லேசர் வெளிச்சம் அத்தக் கிழிக்கும். முத்திப்போன வில்லைய வெளிய தூக்கறதுக்கு அதுக்குக் கை கெடையாது."

"துபாய்க்காரனுக்குக் கை கீது, எனக்கு மட்டும் இல்லயா?"

"நைனா, அவன் வேற எதுக்கோ செஞ்சிகீறான்."

"உங்க ஆஸ்பத்திரிக்கு அந்த மிசின் வாங்க வக்கில்லனு சொல்லு. ஒத்துக்கறேன்."

மூன்று நாள் இதே வாதம் நடந்தது. மக்பூல் கடைக்கே போய் அவனை வைத்துக்கொண்டு அப்பாவும் மகளும் பேசினார்கள். மக்பூல் தன் மச்சானுக்குச் செய்தது கண்ணிலா பல்லிலா என்று சந்தேகமாகச் சொன்னதும்தான் தேசப்பன் விட்டார். டீக்கு மட்டும் காசு கொடுக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

மதராஸில் டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். லுங்கியையும் உப்புப் பூத்த கால்களையும் பார்த்தார். பிறகு மனோரமாவிடம் மட்டும் பேசினார்.

"மீன்காரருக்கு எதுக்கும்மா இதெல்லாம்? அடுத்த வாரமே ஏரித் தண்ணியில முகம் கழுவுவார். சொன்னபடி செக்கப்புக்கு வரமாட்டார். முகாம்லயே பண்ணிக்கச் சொல்லு."

"நான் இங்கதான் குந்திகீறேன்" என்றார் தேசப்பன். "கண்ணுதான் போச்சி. காது கேக்குது."

டாக்டரின் முகம் சுருங்கியது. "வீட்ல படுத்துக் கிடக்கணும். குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது. முடியுமா?"

"ரெண்டு வருஷமா படவுல முதுகு காட்டிக் குந்திகீறேன். அத்தவுடவா கஷ்டம்?"

டாக்டருக்கு அது புரியவில்லை. ஆனால் அதன் பிறகு அவரிடமே நேராகப் பேசினார். உள்ளே வைக்கிற வில்லையைத் தூரத்துக்குப் பொருந்துகிற மாதிரி வைக்கலாம், கிட்டத்துக்குப் பொருந்துகிற மாதிரியும் வைக்கலாம். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. தூரத்துக்கு வைத்தால் கிட்டே இருப்பது மங்கும். தட்டில் மீன் முள் தெரியாது, வலையில் கண் அறுந்தால் தெரியாது, எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் முகம் கலங்கித்தான் இருக்கும். அதற்கெல்லாம் கண்ணாடி போட வேண்டும்.

"கண்ணாடிய இனிமே மூக்குல ஏத்தமாட்டேன்" என்றார் தேசப்பன். "தூரம் வையி."

"யோசிச்சுச் சொல்லுங்க. பொண்ணு முகம்கூடத் தெரியாது."

"இவ மூஞ்சிய நெறைய பாத்தாச்சி."

மனோரமா 'தூரம்' என்று கேஸ் அட்டையில் எழுதினாள். எழுதுவதற்கு முன் அவள் அவர் முகத்தையே பார்த்தது தேசப்பனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கண்ணாடி இல்லாமல் அப்போது அவருக்குக் கிட்டமும் தெரியாது, தூரமும் தெரியாது.

கட்டுப் பிரித்த அன்று அவர் வார்டு ஜன்னலுக்குப் போய், எதிர்க் கட்டடத்து மாடியில் காயும் துணியை எண்ணினார். பிறகு நர்ஸைப் பார்த்து, "நீ இவ்ளோ கறுப்பா?" என்றார். ஆஸ்பத்திரியில் அவரைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் சொன்னபடியே படுத்துக் கிடந்தார். ஏரித் தண்ணீரைத் தொடவில்லை. காற்றடித்தால் கண்ணைத் துணியால் மூடினார். ஊர் கூடியபோது ரங்கன், "புதுக் கண்ணு, நிலைக்குதானு பாப்போம். அடுத்த குலுக்கலுக்கு அவனே ஊனட்டும்" என்றார். தேசப்பன் அந்தக் குலுக்கலுக்காகக் காத்திருந்தார். அதற்குள் கண்ணில் மறுபடியும் புகை ஏறியது.

முதலில் யாரிடமும் சொல்லவில்லை. லைட் அவுஸ் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். ஒருநாள் நீலமேகம் கரையில் நின்றபடி கையை ஆட்டினார். தேசப்பன் திட்டவில்லை. நீலமேகத்துக்கு அதிலேயே விஷயம் விளங்கிவிட்டது.

"பொய்க் கண்ணு அழுகிப்போச்சாண்ணா?"

"உன் வாய் அழுகல?"

குலுக்கல் நடந்தது. தேசப்பன் முறைக்குப் பத்து நாள்தான் இருந்தது. மனோரமா வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். வில்லைக்குப் பின்னால் மெல்லிய ஏடு கட்டியிருந்தது.

"இப்போ உன் லேசருக்கு வேலை வந்துடுச்சி, நைனா."

"இத்த அப்பவே செஞ்சிருக்கலாம்."

"அப்போ ஏடே இல்ல."

"வாய் மட்டும் கொறச்சல் இல்ல உனக்கு."

இதற்கும் இரண்டு வழி இருந்தது. ஊசி மாதிரிக் கத்தியைக் கண்ணுக்குள் விட்டு ஏட்டைக் கிழிக்கலாம். டாக்டர் கைக்குப் பழக்கமான வேலை. ஆனால் கண்ணைத் திரும்பத் திறக்க வேண்டும், திரும்பப் படுக்க வேண்டும். பாடு தவறிவிடும். லேசர் என்றால் கத்தி இல்லை, படுக்கையும் இல்லை. ஆனால் மதராஸுக்கே அது புதிது. குறி தப்பினால் உள்ளே இருக்கிற வில்லையில் வடு விழும். கண்ணில் அழுத்தம் ஏறும். சிலருக்குப் பின்னால் நரம்புப் படலம் பிய்ந்து வந்துவிடும். வந்தால் அந்தக் கண் அவ்வளவுதான். வலது கண் கண்ணாடி இல்லாமல் ஒன்றுக்கும் ஆகாது. மனோரமா அவ்வளவையும் சொன்னாள். எதைச் செய்யச் சொல்கிறாய் என்று அவர் கேட்டதற்கு, "என் கண்ணா இருந்தா கத்திக்குப் போவேன்" என்றாள்.

"உன் கண்ணுக்குப் பாடு இல்ல" என்றார் தேசப்பன். லேசருக்குப் போனார்.

அங்கே முகவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். அசையாமல் சிவப்புப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு அசையாமல் இருப்பது அவர் வாழ்க்கையிலேயே அப்போதுதான். மெஷின் டிக், டிக் என்றது. முடிந்துவிட்டது என்றார்கள்.

"அவ்ளோதானா? கொசுகூட இத்தவுட நல்லா கடிக்கும்."

கொஞ்ச நேரம் உட்கார்த்தி வைத்து அழுத்தம் பார்த்து அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டை மனோரமாவுக்கு முன்னால் படித்தார். பக்கத்தில் நின்ற மகளைத் தடவித்தான் கண்டுபிடித்தார்.

பாடு வந்த நாள் காலையில் அவர் படவில் ஏறியபோது கரையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். படவின் முன்பக்கம் ஒரு கயிறு கிடந்தது. பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. அதை மறைக்கக்கூட இல்லை.

பக்கத்து இடம் இந்தத் தடவையும் நீலமேகத்துக்கே விழுந்திருந்தது. தேசப்பன் எல்லைக் கம்பத்தருகே போனார், திரும்பினார், கழி போட்டுத் தள்ளினார். ஒரு இடத்தில் நின்றார். எல்லைக் கம்பத்தை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஊன்றினார். பிறகு கயிற்றை எடுத்து நீலமேகத்தின் படவில் எறிந்தார்.

"அள."

"நான் கேக்கலியே."

"ரெண்டு மூணு வருஷமா அத்தத்தான் கேட்டுக்கினு இருந்தே. அள."

"ண்ணா, வேணாம். அசிங்கம்."

"என் வாசல்ல மீனக் கொட்டினியே, அப்போ அசிங்கமா இல்ல? அளடா."

நீலமேகம் சுற்றிலும் பார்த்தார். ரங்கனின் படவும் அங்கே நின்றது. ரங்கன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நீலமேகம் கயிற்றின் ஒரு முனையை எல்லைக் கம்பத்தில் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டு வந்தார். கடைசி முடிச்சு தேசப்பன் ஊன்றிய கம்பத்தைத் தொட்டது.

"சரியாத்தான் கீது" என்றார். கயிற்றைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"நீயே வெச்சிக்கோ" என்றார் தேசப்பன்.

நீலமேகம் வைத்துக்கொண்டார். அடுத்த பாடு வந்தபோது அதைப் போட்டுத் தன் பக்கத்து இடத்துக்காரனை அளந்தார். அவன் கோபித்துக்கொண்டு தானும் ஒன்று முடிந்துகொண்டு வந்தான். தேசப்பனையே அளந்தாகிவிட்டது, இனி யாரை அளந்தால் என்ன என்று பேச்சு வந்தது. மறு மழைக்குள் எல்லாப் படவிலும் கயிறு ஏறிவிட்டது. ஊன்றுவதற்கு முன்பே அளந்துவிட்டு ஊன்றினார்கள். கண் அளவை யாரும் கேட்கவில்லை.

தேசப்பன் மட்டும் கயிறு எடுக்கவில்லை. கடைசிவரை கண்ணாலேயே ஊன்றினார். மற்றவர்கள் பின்னால் வந்து அளந்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் அவர் கரை ஏறும்போது மணியம்மாள் கூடையோடு மீனுக்கு நின்றிருந்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளாக நேரே வந்து பேசினாள்.

"கண்ணு கண்ணுனு மதராசுக்கும் ஊருக்கும் அல்லாடினியே. இப்போ குருடன்கூடக் கம்பம் ஊனலாம். எல்லாம் நீ எறிஞ்ச கயிறு."

தேசப்பன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அவ்வளவு கிட்டத்தில் அவருக்கு ஒரு கலங்கல்தான் தெரிந்திருக்கும்.

"யாரது? கிட்ட நின்னா எனக்கு மூஞ்சி தெரியாது. திட்றதுனா தூரப் போய் நின்னு திட்டு."

மணியம்மாள் நகரவில்லை. கூடையை அவர் காலடியில் வைத்துவிட்டு, அங்கேயே நின்று திட்டினாள்.